பூட்டிய மண்டபத்துக்கு ஒரு பொன்னாடை: புவாண்ட்-கிளேரிலிருந்து ஜான்-டலோன் வரை

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு என் விதி தெரியும்: பத்து டொலருக்குள், ஒரே நாளில், மொன்றியல் தீவைவிட்டு வெளியே போகாமல் ஒரு பயணம். ஏப்ரல் முதலாம் திகதி, சனிக்கிழமை, நான் போனதும் அந்த விதிக்குள் அடங்கும். ஆனால் அது ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை. மூன்று கிழமைக்கு முதல் நான் சொன்ன ஒரு பொய், வளர்ந்து, சேலை கட்டி, வான் ஏறத் தயாராகிவிட்டது. அது ஏறுவதற்கு முதல் போய்ப் பிடிக்கவேண்டும். அதுதான் காரணம்.

பொய்யின் சொந்தக்காரி நான். பாதிக்கப்பட்டவர் லூசி அன்ரி. அவர் தமிழ் ஆள் இல்லை. மொன்றியலின் கிழக்குப் பக்கத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரி, அறுபத்தைந்து வயது. புவாண்ட்-கிளேரில் அம்மா வேலைசெய்யும் சாப்பாட்டுச் சாமான் பொதியிடும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். அந்த வரிசையில் மற்ற எல்லாரும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பெண்கள். அதனால் லூசி அன்ரிக்குத் தமிழ் தெரியும், ஆனால் வேலைத்தலத் தமிழ் மட்டும்: ஓம், வாறன், சாப்பிட்டியே, பேந்து (பிறகு) கதை, பெட்டி மூடு, கெதியா (விரைவாக). இதை வைத்துக்கொண்டு அவர் ஒரு முழுக் கல்யாணவீட்டையே சமாளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்தால் ஒரு கதை சொல்வார். ஒரே கதை. நானும் என் சிநேகிதி டிலானியும் அதற்கு வைத்த பெயர் ‘லூசியின் லூசுக் கதை’. (தெரியும். இப்போது எழுதும்போது எனக்கும் நாக்கைக் கடிக்கவேண்டும்போல் இருக்கிறது.)

கதை இதுதான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்கினார்கள். அதற்கு முதல் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் முடிந்தால் பெண்களுக்குப் பந்தும் முடிந்தது. இருபத்தொரு வயது லூசி ஒரு பையோடு பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய், தேர்வில் ஓடி, ஓர் அணியில் இடம்பிடித்தார். பதினான்காம் இலக்கம். பெரும்பாலும் விளையாடாமல் ஓரத்து வாங்கில் இருக்கிற இலக்கம்தான், ஆனால் சட்டை அவருடையது.

பயிற்சியாளர்தான் வான் சாரதி. மோட்டலில் ஒரு அறைக்கு நாலு பேர். சட்டைகளைக் குளியல் தொட்டியில் தோய்த்து ஹீற்றரில் காயவைத்துவிட்டு, அடுத்த நாள் பாதி ஈரத்தோடு விளையாடுவார்கள். ஒருநாள் அணி முகாமையாளர் ஒரு சீமாட்டியைக் கூட்டிவந்து, எல்லாரையும் வரிசையில் இருத்தி, லிப்ஸ்ரிக் பூசப் படிப்பித்தாராம். பெண்ணாகத் தெரிந்தால்தான் சனம் வரும் என்றாராம். பத்திரிகைக்காரர் தலைமயிரைப் பற்றி எழுதுவார்கள், காலைப் பற்றி எழுதுவார்கள், எத்தனை புள்ளி என்று எழுத மறந்துபோவார்கள். நத்தாருக்கு இருந்த அணி ஈஸ்டருக்கு இருக்காது. மூன்று பருவங்கள் ஓடியது அந்த லீக். பிறகு பூட்டிவிட்டார்கள். இப்போது நாங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற பெண்கள் லீக் வர இன்னும் பல வருடம் எடுத்தது.

“ஒருநாள் எங்கட ரீம் மொன்றியலுக்கு விளையாட வர இருந்தது. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில ஒரு மண்டபம்...” என்று பிரெஞ்சில் தொடங்குவார். சரியாக அந்த இடத்தில்தான் நானும் டிலானியும் தட்டைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடுவோம். எத்தனையோ ஞாயிறு. ஒருநாளும் மிச்சத்தைக் கேட்டதில்லை.

மார்ச் மாதம் அப்படி ஓடிய ஒரு ஞாயிறு, எனக்குப் புத்தி வேலைசெய்தது. (என் புத்தி வேலைசெய்தால் யாருக்காவது வேலை போகும் என்று அம்மா சொல்வார். அது பகிடி. அப்போது.) எண்ணை மறைத்து லூசி அன்ரியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். அவர் மேலே எங்கள் மேசையில், தொலைபேசி வாசலில் தொங்கிய கோட்டுப் பையில். அதனால் குரல் அஞ்சலுக்குப் போனது. வானொலி அறிவிப்பாளர் குரலில், சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன்: பழைய லீக்கின் வீராங்கனைகளைக் கௌரவிக்கிறோம். பதினான்காம் இலக்க வீராங்கனை லூசியின் சட்டையை, பெரிய வீரர்களுக்குச் செய்வதுபோல், மண்டபத்தின் உயரத்தில் தொங்கவிடப்போகிறோம். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்து மண்டபம். ஏப்ரல் முதலாம் திகதி, பிற்பகல் மூன்று மணி.

திகதியிலேயே விடையை வைத்திருந்தேன். கியூபெக்கில் முட்டாள்கள் தினத்துக்கு ‘ஏப்ரல் மீன்’ என்று பெயர். கடதாசியில் மீன் வெட்டி ஆட்களின் முதுகில் ஒட்டுவார்கள். இங்கே பிறந்தவருக்குத் தெரியாமலா போகும், இரண்டு நாளில் சிரித்துக்கொண்டு வந்து என் காதைத் திருகுவார் என்று நினைத்தேன்.

வரவில்லை. மதியச் சாப்பாட்டு அறையில் அந்தச் செய்தியை எல்லாருக்கும் போட்டுக் காட்டினாராம். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார்: “எவ்வளவு மரியாதையான பெட்டை. என்ன வடிவா பிரெஞ்சு கதைக்கிறாள். நீயும் இருக்கிறியே.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று பிடிபடுவார், நாளை பிடிபடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். என் பொய்க்கு வடை, கேக், ஒன்பது பெண்கள், ஒரு வாடகை வான் எல்லாம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, இஸ்திரிக்கை மேசையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொன்னாடை. நம்மவர்களில் ஒருவருக்கு மேடை கிடைத்தால் தோளில் போர்த்துவோமே, அதேதான். அம்மா அதன் சரிகை கருகாமல் மேலே துணி போட்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

“லூசி அக்காவுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள்தானே போகோணும்” என்றார்.

லூசி அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். “ஓம்?” என்றார், தமிழில், சந்தோசமாக. நான் வைத்துவிட்டேன். அம்மா சனிக்கிழமை அதிகாலையே வேலைக்குப் போய்விடுவார். ஒன்றரைக்கு வேலை முடிய, அங்கேயே சேலை மாற்றி, லூசி அன்ரியை வீட்டில் ஏற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். ஆகவே எனக்கு ஒன்றரை மணிவரை இருந்தது.

காலை 9.05க்குக் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பஸ் ஏறினேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. என்னை மட்டும் விடவில்லை. அவசரத்தில் பயண அட்டையை மறந்துவிட்டேன். காசாகக் கொடுத்தால் 3.50. என்னிடம் இருந்த சில்லறை, இரண்டு டொலர்க் குற்றிகள் இரண்டு.

“மிசின் மிச்சம் தராது தங்கச்சி” என்றார் சாரதி. முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டார். நானும் அவர் ‘தங்கச்சி’யை வைத்துக் கண்டுபிடித்தேன்.

“பரவாயில்லை அண்ணை.”

“எங்கை, வெள்ளனத்தோட?”

“புவாண்ட்-கிளேருக்கு. ஒரு பொய்யைத் திருப்பிக் குடுக்கப் போறன்.”

“பில் வைச்சிருக்கிறியோ? இல்லாட்டி எடுக்கமாட்டினம்” என்றார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு.

வேறொரு நாளென்றால் இந்த ஆளை விட்டிருக்கமாட்டேன், கோட்-வெர்ட்யு மெத்ரோவரை வாய்க்கு வாய் கொடுத்திருப்பேன். இறங்கப்போகும்போதுதான் பார்த்தேன், அவருடைய சீருடை முதுகில் ஒரு பச்சை மீன். குழந்தைக் கத்தரியால் வெட்டியது, வாலைக் காணவில்லை.

“அண்ணை, முதுகில மீன் ஒட்டியிருக்கு.”

“தெரியும். மகள் காலமை ஒட்டினவள். பின்னேரம் நான் வீட்டை போகேக்க அது அப்படியே இருக்கோணும். எனக்குத் தெரியாது எண்டு அவள் நினைச்சுக்கொண்டு இருக்கிறாள்.”

கோட்-வெர்ட்யுவில் 9.50க்கு 470ஆம் இலக்க எக்ஸ்பிரஸ் பஸ். மேற்குத் தீவுக்குப் போகிறவர்களுக்கு: சாரதியிடம் காசு கொடுக்கும்போது தரும் சீட்டு இரண்டு மணித்தியாலம் செல்லும், எறிந்துவிடாதீர்கள், அதே சீட்டில் மாறி ஏறலாம். ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். வலப்பக்க யன்னல் கிடைத்தால் அதிவேகச் சாலையோரம் கிடங்குகள், கிடங்குகள், பிறகும் கிடங்குகள். எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் முழங்கால் தேய்ந்தது இந்தக் காட்சிக்குள்தான். பஸ் நிலையத்திலிருந்து லூசி அன்ரி வீடு 1.6 கிலோமீட்டர், நடந்தால் இருபது நிமிடம். நான் முப்பத்தைந்து எடுத்தேன். வழியில் ஒரு தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், 2.10க்குக் கோப்பி வாங்கி அதைக் குடிக்காமல் கொண்டுபோனேன். அந்தக் கடைக்கு மேல்மாடிதான் லூசி அன்ரி வீடு.

11.05. மணியை அடித்தேன்.

“ஏய்! வா வா. சாப்பிட்டியே?” லூசி அன்ரி நீல நிறக் கம்பளிக் கோட்டோடு நின்றார். தலைமயிர் முதல்நாளே போய்ச் செய்திருந்தார். உதட்டில் லிப்ஸ்ரிக். “அம்மா அனுப்பினவவோ?” என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். “நேரா இருக்கே? அந்தச் சீமாட்டி படிப்பிச்ச மாதிரியே பூசினனான். முதல்ல நடு, பேந்து கரை.”

நேராகத்தான் இருந்தது.

நான் வாயைத் திறக்கமுதல் தொலைபேசியை எடுத்து, “இதை நீ கேக்கேல்லத்தானே” என்று செய்தியைப் போட்டுவிட்டார். சமையலறை மேசைக்கு முன்னால் நின்று என் குரலை நானே கேட்டேன். ‘பதினான்காம் இலக்க வீராங்கனை’ என்ற இடம் வந்தபோது, அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. எத்தனை தரம் கேட்டிருந்தால் அப்படிப் பாடமாகும்!

“அது நான்” என்றேன்.

“என்ன நீ?”

“அந்தக் குரல். நான்தான். பகிடிக்குச் செய்தனான். விழா ஒண்டும் இல்லை, லூசி அன்ரி.”

அவர் முதலில் கேட்டது: “அப்ப மூண்டு மணிக்கு?”

“ஒண்டும் இல்லை.”

சுவரில் எங்கள் தமிழ்ப் பங்குக் கோவில் கொடுத்த கலண்டர் தொங்கியது, அம்மா கொடுத்திருப்பார். லூசி அன்ரி கிட்டப் போய், ஒன்றாம் திகதிக் கட்டத்தில் விரலை வைத்தார். அவரே வட்டம் போட்டிருந்த கட்டம். “ஏப்ரல் மீன்” என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

“நாப்பது வருசத்துக்கு மேல. அந்த லீக்கைப் பற்றி ஒருத்தரும் எனக்கு ஒரு போன் எடுக்கேல்ல. நீ ஒருத்திதான் எடுத்தாய்.” குற்றமாகவும் சொல்லவில்லை, நன்றியாகவும் சொல்லவில்லை.

பிறகு கோட்டோடேயே கதிரையில் இருந்து, நான் எப்போதும் ஓடித் தப்பிய மிச்சக் கதையைச் சொன்னார். பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“என்ர அப்பா தெரு முழுக்கச் சொல்லிப்போட்டார். மகள் விளையாட வாறாள் எண்டு. பக்கத்து வீடு, முன் வீடு, தலைமயிர் வெட்டுறவர், எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போனவர். கதவு பூட்டு. ஏனெண்டால் அதுக்கு நாலு நாளைக்கு முதலே எங்கட ரீமைக் கலைச்சுப்போட்டாங்கள். காலமை பயிற்சிக்குப் போனம், அங்கயும் கதவு பூட்டு. ஒரு கடதாசிகூட ஒட்டேல்ல.”

“நீங்கள் வீட்டுக்குச் சொல்லேல்லையே?”

“மோட்டல் விறாந்தையில போன் இருந்தது. நாலு நாள் இருந்தது. நான் எடுக்கேல்ல. வெக்கம். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம்...” என்னைப் பார்த்தார். நான் கோப்பியைப் பார்த்தேன்.

“அப்பா அந்தக் கதவுக்கு முன்னால நிண்டு எல்லாருக்கும் என்ன சொன்னவர் தெரியுமே? நான்தான் திகதியைப் பிழையாப் பாத்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டவர். சாகுமட்டும் தெரு அவரைப் பகிடி பண்ணினது. ஒவ்வொரு நத்தாருக்கும் கலண்டர்தான் பரிசு. ஒரு வருசம் ஏழு கலண்டர். அவர் ஏழையும் கொழுவினவர். நான் ஒருநாளும் உண்மையைத் தெருவுக்குச் சொல்லேல்ல.”

வான் வந்ததும் நானே எல்லாருக்கும் சொல்கிறேன் என்றேன். “வேண்டாம். அம்மா அழுவா. நான் கதைக்கிறன்” என்றார். அவர் சொன்னால் நல்லதுதான் என்று எனக்குள் ஒரு கள்ளப் பூனை நிமிர்ந்து படுத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வான் 1.55க்கு வந்தது. கதவைத் திறந்ததும் வடை வாசம், பட்டுச் சேலைகள், அவற்றுக்கு மேல் பனிக்கால ஜக்கெற்றுகள், ஒன்பது பேரின் கைதட்டல். “வாங்கோ வீராங்கனை!” “லிப்ஸ்ரிக்கைப் பாருங்கோவன்!” அம்மா என்னைப் பார்த்து, “நீ எப்பிடி இஞ்ச? அன்ரிக்கு உதவிக்கு வந்தனியே? நல்ல பிள்ளை” என்றார். லூசி அன்ரி வாயைத் திறந்தார். அந்த முகங்களைப் பார்த்தார். வாயை மூடி, ஏறி இருந்தார். நானும் ஏறினேன்.

புவாண்ட்-கிளேரிலிருந்து ஜான்-டலோனுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். மழையில் நாற்பது நிமிடம். வழி முழுக்க, அம்மாவோடு வேலைசெய்யும் மலர் அன்ரி, தான் எழுதிய வாழ்த்து மடலை ஒத்திகை பார்த்தார். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, மடியில் வைத்திருந்தார். “வலைப்பந்து உலகின் வாடாத மலரே” என்று தொடங்கியது. ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வலைப்பந்து விளையாடியவர்கள், பந்தோடு ஓட முடியாத, பின்பலகை இல்லாத அந்த விளையாட்டு. பதினெட்டு வருடமாக லூசி அன்ரி விளையாடியதும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“அன்ரி, அது கூடைப்பந்து” என்றேன்.

“எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. பந்து வளையத்துக்குள்ள போனாச் சரி.”

“நானும் பாதுகாப்புக்கு நிண்டனான்” என்றார் அம்மா. “என்னைத் தாண்டி ஒருத்தி எறிய ஏலாது.” லூசி அன்ரிக்கு எதுவும் விளங்கவில்லை. “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மண்டபம் சந்தையிலிருந்து மூன்று நிமிட நடை. செங்கல் கட்டடம், உயரத்தில் கம்பி அடித்த யன்னல்கள், இரட்டைக் கதவு, சங்கிலி, பூட்டு. நேரம் 2.40. கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் வண்டியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இது கனகாலமாகச் சந்தைக்காரரின் களஞ்சியம் என்றார் பிரெஞ்சில். உள்ளே இப்போது கூடை மட்டும்தான் இருக்கிறது, பந்து இல்லை என்று வேறொரு நாள் எழுதியிருப்பேன்.

வடைப் பெட்டியோடு நின்றவர் அதை மற்றக் கைக்கு மாற்றினார்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். லூசி அன்ரியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பந்து பிடித்த கை, பெட்டி பிடித்த கை, இறுகிற்று. அவர் எல்லாரையும் பார்த்து, தெரிந்த தமிழை எல்லாம் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னார்:

“பிழை. என்ர பிழை. நாள் பிழை.”

பிறகு யாரோ சிரித்தார். “ஐயோ லூசி அக்கா!” “வயசு போட்டுது அவவுக்கு!” “அடுத்த மாசமோ, அடுத்த வருசமோ?” சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது; அவர்கள் கெட்ட சனம் இல்லை, அந்த இடத்தில் சிரிப்பதைவிட வேறென்ன செய்வார்கள். அவரும் சிரித்தார். என் மணிக்கட்டு மட்டும் இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

“வந்தது வந்தாச்சு. பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது” என்றார் அம்மா. பூட்டிய கதவுக்கு முன்னால், நனைந்த கோட்டுக்கு மேல், போர்த்தினார். மலர் அன்ரி மடலை முழுவதும் வாசித்தார், வலைப்பந்தோடு. உருளைக்கிழங்குக்காரர் தொப்பியைக் கழற்றி நின்றார். படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது நான். அந்தப் படத்தில் இல்லாதவள் நான் ஒருத்திதான்.

வானுக்குத் திரும்பமுதல் லூசி அன்ரி கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் அந்தக் கதவைக் கண்டது அன்றுதான் முதல் தடவை. அவருடைய அப்பா கண்டிருந்தார்.

அந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஜான்-டலோன் மெத்ரோவில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் போனால் சந்தையில் நெரிசல் குறைவு. கட்டணம் இல்லை, திறக்கும் நேரமும் இல்லை. எந்தப் பலகையும் இல்லை. அங்கே ஒரு ஆட்டம் நடக்கவில்லை என்பதற்குப் பலகை யார் வைப்பார்கள்? கதவின் வலது பக்கம் பாசி படர்ந்த இரண்டு படிகள் இருக்கின்றன, குந்தலாம். பஸ்ஸுக்குச் சரியான சில்லறை கொண்டுபோங்கள். என் மொத்தச் செலவு 6.10, அதில் ஐம்பது சதம் மிச்சம் வராத காசு, 2.10 குடிக்காத கோப்பி.

இத்தோடு பதிவை முடித்திருக்கலாம். பெரிய வியாழனுக்கு முதல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்லியும் ஆயிற்று. விசயம் தீர்ந்தது என்றுதான் இருந்தேன். பெரிய வியாழன் இரவுச் சாப்பாட்டில் அம்மா சொன்னார்:

“பாவம் லூசி அக்கா. திகதி பாக்கிற இடத்திலயிருந்து தூக்கிப்போட்டினம். பெட்டி மூடுற இடத்தில விட்டிருக்கினம்.”

அந்த வரிசையில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டும் காலாவதித் திகதியைச் சரிபார்ப்பது லூசி அன்ரியின் வேலை. பதினெட்டு வருடம். இருந்தபடி செய்யலாம், அவர் முழங்காலுக்கு அதுதான் சரி. எங்கள் பெண்கள் அந்தக் கிழமை முழுக்க, “லூசி அக்கா பாத்த திகதியே? இன்னொருக்காப் பாருங்கோ” என்று பகிடி விட்டிருக்கிறார்கள். பகிடி மேற்பார்வையாளரின் காதுக்குப் போயிருக்கிறது. அவர் பகிடியாக எடுக்கவில்லை.

“அவ ஒண்டும் சொல்லேல்லையே?” என்றேன்.

“என்ன சொல்லுறது? தானே எல்லாருக்கும் முன்னால சொன்னவதானே, நாள் பிழை எண்டு.”

சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. கையைக் கழுவினார். கனநேரம் கழுவினார். “திங்கக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. என்னோட வாறாய்” என்றார்.

ஈஸ்டர் திங்கள், பன்னிரண்டு மணி, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை. அதே ஒன்பது பேர், இந்தமுறை நீல மேலங்கியிலும் தலைவலையிலும். மேற்பார்வையாளரையும் அம்மா கூப்பிட்டு வைத்திருந்தார். கடைசி மேசையில் லூசி அன்ரி, முழங்காலில் ஒரு ஐஸ் பை. நான் நின்று சொன்னேன், முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில். அந்த அறிவிப்பாளர் குரலில் ஒரு வசனமும் சொல்லிக் காட்டச் சொன்னார் மேற்பார்வையாளர், நம்புவதற்கு. சொன்னேன். ‘பதினான்காம் இலக்க வீராங்கனை.’ லூசி அன்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசையவில்லை.

“அப்ப நான் வாசிச்ச மடல்?” என்றார் மலர் அன்ரி. “ரெண்டு கிழமை இருந்து எழுதினனான் பிள்ளை.” அம்மா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திகதி வேலையைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன், எப்படியும் அவருக்கு ஓய்வு நெருங்குகிறதுதானே என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போனார். இதை எழுதும் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மலர் அன்ரி எழுந்து போய் லூசி அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தார். “ஏன் லூசி அக்கா உங்கட தலையில போட்டனீங்கள்? ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?”

லூசி அன்ரிக்கு அந்தக் கேள்வி விளங்கியது, நான் முகத்தில் பார்த்தேன். சொல்வதற்கு ஒரு அப்பாவும் ஏழு கலண்டரும் இருந்தன. தமிழ்தான் இல்லை. பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம், நான் மொழிபெயர்த்திருப்பேன். என்னை அவர் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. ஐஸ் பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையைப் பிடித்து எழும்பினார்.

“பெட்டி மூடு” என்றார் எல்லாருக்கும். “கெதியா.”